ஊற்றைக் காத்த மரங்கள்

என் கணவருக்கு மரம் என்றால் உயிர். மரங்களுக்கு அவரைப் பற்றி என்ன அபிப்பிராயம் என்பதுதான் பல வருடங்களாகத் தெரியாமல் இருந்தது.

நாங்கள் இருப்பது நமுனுகுல பக்கம், ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேல் லயத்தில், தொழிலாளர் வீட்டு வரிசையில். லயத்துக்கும் மேலே மலை மடிப்பில் ஓர் ஊற்று. அதிலிருந்து குழாய் வழியாக இறங்கிப் பீலி என்கிற தண்ணீர்த் துறையில் விழும் தண்ணீர்தான் எங்கள் எல்லோருக்கும் குடிக்க, குளிக்க, துவைக்க. ஆடியில் மாரியம்மனுக்குத் திருவிழா எடுக்கும்போது கரகம் பாலிப்பதும் அந்தப் பீலிக்கரையில்தான். செம்பில் பீலித் தண்ணீரை நிரப்பி, வேப்பிலையும் பூவும் சுற்றி, தப்படித்துக் கோயிலுக்குக் கொண்டு வருவோம். திருவிழா முடிந்ததும் அதே இடத்துக்குக் கொண்டு போய் ஊற்றிவிடுவோம். அம்மன் அந்தத் தண்ணீரில் வந்து அந்தத் தண்ணீரிலேயே திரும்பிப் போகிறாள் என்பது எங்கள் நம்பிக்கை.

கோயில் கமிட்டித் தலைவர் என் கணவர். தோட்டத்து ஆபீசில் டர்பன்டைன் என்கிற யூகலிப்டஸ் கன்றுகளைச் சும்மா கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. தைல வாசம் வரும், சீக்கிரம் வளரும், வெளிநாட்டு மரம். இந்தக் கடைசிக் காரணத்தில்தான் மனிதர் அடியோடு மயங்கிப் போனார்.

முதலில் கோயிலுக்குப் பின்னால் இருக்கும் மேட்டில் நட்டார். மானாப்புல்லும் சரளைக் கல்லுமான இடம். மண்வெட்டி போட்டால் நெருப்புப் பொறி பறக்கும். ஐப்பசி மழையில் கன்றுகள் தலை நிமிர்ந்தன, ஃபேஸ்புக்கில் படம் ஏறியது. அப்புறம் கச்சான் காற்று வந்தது. அந்த மாதங்களில் எங்கள் ஊவாப் பக்கம் மழை எட்டிப் பார்க்காது, காற்று மட்டும் ஓய்வில்லாமல் வேலை செய்யும். செத்தது போக மிஞ்சிய கன்றுகள் காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு முழங்கால் உயரத்தில் நின்றுவிட்டன. ஆடுகள்கூட மோந்து பார்த்துவிட்டுப் போயின.

"என்னாங்க, ஒங்க காட்டுக்குள்ள புலி கிலி வந்துருச்சான்னு பாத்துட்டு வாங்க," என்பேன்.

"சிரி, நல்லா சிரி. மரத்து மேல தப்பில்ல. மண்ணு சரியில்ல."

அவர் சொன்னது முழுக்கச் சரி. சரியாகச் சொன்னதுதான் வினையாகப் போயிற்று. நல்ல மண் எங்கே என்று யோசிக்க ஆரம்பித்தார். ஊற்றைச் சுற்றிக் கறுப்பு மண். கால் வைத்தால் கணுக்கால் வரை இறங்கும். கச்சான் காற்றும் அந்த மடிப்புக்குள் நுழையாது. ஊற்றில் வெயில் படக் கூடாது, அம்மன் தண்ணீருக்கு நிழல் வேண்டும் என்று அவர் சொன்னதும் கமிட்டிக்கு மெய்சிலிர்த்துவிட்டது. அங்கே காலங்காலமாக இருந்த செடிகொடிகளைக் குப்பை என்று வெட்டித் தள்ளிவிட்டு, ஊற்றைச் சுற்றி வட்டமாக நட்டார்கள். ஒவ்வொரு கன்றுக்கும் மஞ்சள் குங்குமம் வைத்து, சாம்பிராணி காட்டி, தேங்காயும் உடைத்தார்கள்.

கன்றுகள் நன்றி மறக்கவில்லை. நாலைந்து வருடத்தில் அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் உயரம். கணவர் வருகிறவர் போகிறவரையெல்லாம் கூட்டிப் போய்க் காட்டினார். மரத்தைத் தட்டித் தட்டி, பிள்ளை பரீட்சையில் பாசான மாதிரிப் பேசுவார். பீலித் தண்ணீர் கை மொத்தத்திலிருந்து விரல் மொத்தமாகிவிட்டதைப் பெண்கள் நாங்கள்தான் பார்த்தோம். குடம் நிரம்ப நேரமானது, வரிசையில் சண்டை வந்தது.

"மழ கொறஞ்சு போச்சு. இந்த மரமும் இல்லாட்டி இந்தத் தண்ணியும் இருக்காது," என்றார் கணவர். கமிட்டி தலையாட்டியது. நிழல் போதவில்லை என்று இன்னொரு வட்டமும் நட்டார்கள்.

இந்த வருடம் ஆடியில் தப்பு முழங்கப் பீலிக்கரைக்குப் போனோம். பூசாரி செம்பை நீட்டினார். குழாய் வாயில் ஒரு சொட்டு, விழ மனசில்லாமல் தொங்கிக்கொண்டிருந்தது. தப்படித்தவர்கள் கை ஓய்ந்து நிறுத்தினார்கள். பூசாரி என் கணவரைப் பார்த்தார்.

"தலைவரே, தண்ணி இல்லாம கரகம் எப்பிடிங்க பாலிக்கிறது?"

எதற்கும் பதில் வைத்திருக்கும் மனிதர் குழாயைத் தட்டிப் பார்த்தார். மேலே மரங்கள் பச்சைப் பசேல் என்று ஆடிக்கொண்டிருந்தன. கடைசியில் யாரோ ஆட்டோவில் டவுனுக்குப் போய்ப் பெரிய போத்தல் தண்ணீர் ஒன்று வாங்கி வந்தார்கள். பூசாரி லேபிளைக் கிழித்துப் போட்டுவிட்டுச் செம்பில் ஊற்றினார். அம்மன் இந்த வருடம் கடையிலிருந்து வந்தாள்.

எவ்வளவு கிண்டல் செய்திருக்கலாம்! அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை.

திருவிழா முடிந்து, கரகத் தண்ணீரை ஊற்ற மறுபடியும் அதே இடம். கணவர் பூசாரியிடமிருந்து செம்பை வாங்கிக்கொண்டார். பீலியடியில் நிற்காமல் மேலே ஏறி, ஊற்றுக் குழியிலேயே ஊற்றினார். நானும் பின்னால் ஏறிப் போயிருந்தேன். ஒரு காலத்தில் கால் புதைந்த மண் வெடித்துக் கிடந்தது. ஊற்றிய தண்ணீர் தேங்கக்கூட இல்லை. அவர் குனிந்து, வெளியே தெரிந்த வேர் ஒன்றில் கையை வைத்தார்.

"அம்மனையும் குடிச்சிருச்சுடி," என்றார்.