தளவாயை மட்டும் கடித்த மெஷின்

தளவாயைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் என்னையும் நாலு திட்டு திட்டிக்கொண்டுதான் சொல்ல வேண்டும். மூன்று வாரம் அந்த மனுஷனைக் கேலி பண்ணியிருக்கிறேன்.

தளவாய்க்கு முப்பத்தாறு வயது. ஏரல் பக்கம், ஆற்றுப் பாசனத்தில் நெல் போடும் குடும்பம். காலை ஆறேகால் பஸ்ஸைப் பிடித்து தூத்துக்குடி வருவார். துறைமுகச் சாலையில் எங்கள் பட்டறை. சரக்கு ஏற்றி இறக்கும் கிரேன்களின் இரும்புச் சக்கரங்களைச் சிவக்கச் சூடாக்கி, தண்ணீர் பாய்ச்சி, தேயாதபடி கெட்டியாக்கிக் கொடுக்கிறோம். பதினோரு வருடமாக அவர் இண்டக்‌ஷன் மெஷினில் நிற்கிறார். இரும்பின் சிவப்பைப் பார்த்தே "போதும்" என்பார். மீட்டரும் அதையேதான் காட்டும். பொம்பளைகளோடு பேச அவருக்கு அப்படி ஒரு கூச்சம். என்னோடு பேசும்போது கண் என் ஷூவிலேயே இருக்கும். பாலிஷ் போடாமல் வந்துவிட்டோமே என்று எனக்கே வெட்கமாகிவிடும்.

நான் ஜெபசுதா, மில்லர்புரம். அந்தப் பட்டறையில் மின் பராமரிப்பும் பாதுகாப்பும் என் பொறுப்பு. இண்டக்‌ஷன் மெஷினில் நெருப்பே கிடையாது. செம்புக் குழாயை வளைத்துச் செய்த காயிலில் மின்சாரம் ஓடும், நடுவில் வைத்த இரும்பு தானாகச் சிவக்கும். இரும்பு மட்டுமில்லை, பக்கத்தில் வருகிற எந்த உலோகமும் சூடேறும், விரலில் கிடக்கும் மோதிரம் உட்பட. அதனால் தினமும் ஒரு தட்டோடு வாசலில் நிற்பேன். மோதிரம், வாட்ச், சங்கிலி, காப்பு, பெல்ட் எல்லாம் தட்டில் விழ வேண்டும். "மேடம் காணிக்கை எடுக்க வந்துட்டாவ" என்று பயல்கள் கிண்டலடிப்பார்கள். தளவாய் ஒரு நாளும் மறந்ததில்லை. முதல் ஆளாக வாட்சைக் கழற்றிப் போடுவார்.

ஒரு மாசத்துக்கு முன் பெரிய சக்கரங்களுக்காகப் புதுக் காயில் வந்தது. பழையது முழங்கால் உயரம், சின்னது. இது இடுப்பு உயரத்தில் அண்டா அகலத்துக்கு இருந்தது. இரண்டாம் நாளே தளவாய் என் ஷூவிடம் வந்து நின்றார்.

"மேடம், மெஷினு கடிக்கி."

"எங்கன கடிக்கி?"

"இங்கன... பக்கத்துல." கையைக் காற்றில் ஒரு வீசு வீசினார்.

மின்கசிவு என்றுதான் நினைத்தேன். மெயினை நிறுத்திப் பூட்டி, சாவியை என் பையில் போட்டுக்கொண்டேன். நிறுத்தினாலும் கெப்பாசிட்டருக்குள் மின்சாரம் தங்கியிருக்கும். ஐந்து நிமிடம் காத்திருந்து, எர்த் கம்பியால் தொட்டு, மீட்டர் சுழியைக் காட்டிய பிறகே உள்ளே கை வைத்தேன். எர்த் நன்றாக இருந்தது. காயிலில் எங்கும் உரசல் இல்லை. காயிலுக்குள் ஓடும் தண்ணீரையும் விடவில்லை. நம்ம ஊர் போர்த் தண்ணீர் உப்பு, உப்புத் தண்ணீர் வழியாக மின்சாரம் வெளியே வந்துவிடும். சோதித்தால் அதுவும் சுத்தமான தண்ணீர்தான்.

மதிய ஷிப்டில் அதே மெஷினில் நிற்பவர் தேவபிரசாதம் அண்ணாச்சி. அவரிடம் கேட்டேன். "என்னைய ஒண்ணும் செய்யலியே தாயி" என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. அத்தனை பேர் முன்னால், "உங்கள மட்டும் கடிக்குதாக்கும்? மெஷினுக்கு ஏரல்காரவுகளத்தான் பிடிக்குமோ?" என்று கேட்டேன். பட்டறையே சிரித்தது. தளவாயும் என் ஷூவைப் பார்த்துச் சிரித்தார்.

சில நாளில் அவர் சட்டையின் வலது பக்கம் காவிக் கறை தெரிந்தது. இடுப்பில் வரிசையாகக் கொப்புளமாம். அவர் அம்மா ஆறுமுகத்தாய் அதை அக்கி என்று சொல்லி, பானை செய்யும் வேளார் வீட்டுக்குக் கூட்டிப்போய்க் காவி குழைத்து எழுதிவிட்டிருக்கிறார். அண்ணாச்சி சொல்லித்தான் எனக்குத் தெரியும். "அக்கி வந்ததுக்கு மெஷின் மேல பழியா?" என்று அதற்கும் கத்தினேன். அந்தக் கொப்புளம் எப்படி இருக்கிறதென்று பார்க்கச் சொல்லி ஒரு ஆம்பளையைக்கூட நான் அனுப்பவில்லை.

இதற்கிடையில் இரண்டு முறை பாதிச் சூட்டில் சுவிட்சை அணைத்துவிட்டுப் பின்னால் துள்ளினார். இரண்டு சக்கரம் வீண். மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "மெஷின்ல கோளாறு இல்லன்னு எழுதிக் கொடுங்க ஜெபசுதா. ஆள நிறுத்திருவோம்."

தளவாயின் மனைவி சரண்யாதேவிக்கு அது ஏழாம் மாசம். வேலை போனால் தளவாய் அடுத்தவர் வயலில் பாதிக் கூலிக்குத்தான் இறங்க வேண்டும். அது தெரிந்தும் முக்கால்வாசி எழுதிவிட்டேன். கையெழுத்துப் போடுமுன் ஒரே ஒரு தடவை பக்கத்தில் நின்று பார்ப்போம் என்று வெள்ளிக்கிழமை போனேன்.

ஷிப்டு மாறுகிற நேரம். சக்கரம் சிவக்க ஆரம்பித்தது. அன்றைக்கு அவர் துள்ளக் கூடாதென்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றிருக்கிறார், பாவி மனுஷன். வேலை போய்விடுமென்ற பயம். நிறம் பார்க்கக் காயில் பக்கம் குனிந்தார். அடுத்த நொடி "யம்மா!" என்று ஒரு அலறல். வலது இடுப்பைப் பிடித்தபடி தரையில் விழுந்தார்.

சிவப்புப் பொத்தானை ஓங்கி அடித்தேன். மெஷின் நின்றது. சட்டை மேலே ஏறிக் கிடந்தது. நான் பார்த்தேன்.

அருணாக்கொடி. வெள்ளி அருணாக்கொடி.

இயேசப்பா! இடுப்பைச் சுற்றி முழு வளையம். இடுப்பு உயரத்துக்கு வந்த அந்தக் காயில் பக்கத்தில் நின்றால் அதற்குள்ளும் மின்சாரம் ஓடாமல் என்ன செய்யும்? கொக்கி சேருகிற இடம்தான் எல்லாவற்றையும் விடச் சூடாகும். அங்கேதான் சதை வெந்திருந்தது, மேலே காவி, கீழே புண். அண்ணாச்சிக்கு ஏன் கடிக்கவில்லை என்று அப்போதுதான் உறைத்தது. அவர் கட்டியிருப்பது கறுப்புக் கயிறு. தளவாயைப் பொறுத்தவரை கொடி நகையே இல்லை, பிறந்ததிலிருந்து உடம்போடு கிடப்பது. அதைப் போய் யார் தட்டில் போடுவார்? இடுப்பில் சுடுகிறதென்று ஒரு பொம்பளையிடம் அவர் எப்படிச் சொல்வார்? இடுப்பில் என்ன கிடக்கிறதென்று நான்தான் எப்படிக் கேட்பேன்? இந்தப் பாழாய்ப்போன வெட்கத்தில் ஒரு மனுஷன் வெந்துகொண்டிருந்திருக்கிறான்.

குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினோம். புண் வீங்க ஆரம்பித்தது, கொடி அதில் அழுந்தியது. ஆட்டோ வருமுன் எடுத்தாக வேண்டும். அண்ணாச்சி கட்டரோடு குனிந்தார். தளவாய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேண்டாம் அண்ணாச்சி! பொணத்துக்குத்தான் அறுப்பாவ."

"ஏலே, வீங்குதுல!"

"எனக்கு முன்ன பெறந்த ரெண்டும் தங்கல. அம்ம வேண்டிக் கட்டுனது. ஒரு நிமிசம் வெறும் இடுப்பா கிடந்ததில்ல. புதுசு ஏறுன பொறவுதான் பழசு இறங்கும்."

கயிறுக்கு எங்கே போவது? சணலைத் தேடி ஒருவன் ஓடினான். எனக்குப் பொறுக்கவில்லை. உட்கார்ந்து என் ஷூவின் கறுப்பு நாடாவை உருவினேன். ஒன்று போதவில்லை, இரண்டையும் முடிந்தேன். செருப்பில் கிடந்ததை மனுஷன் இடுப்பில் கட்டுகிறோமே என்று குடத்துத் தண்ணீரில் அலசினேன். ஆம்பளை இடுப்பைத் தொடுகிறோம் என்ற நினைப்பு அப்போது வரவேயில்லை. புண்ணுக்கு மேலே தள்ளித் தளர்வாகக் கட்டி, "ஏறிட்டுல தளவாய், இப்ப வெட்டட்டும்" என்றேன். அவர் கையை விட்டார். அண்ணாச்சி வெட்டினார்.

நிமிர்ந்து பார்த்தால், சுற்றி நின்ற ஒன்பது பேரில் ஆறு பேர் கை அவரவர் இடுப்பில் இருந்தது. மேனேஜர் கையும்தான். அத்தனை பேரும் தினமும் என் தட்டைத் தாண்டி உள்ளே போனவர்கள்.

சாயங்காலம் ஆறுமுகத்தாய் ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தார். மகன் இடுப்பில் ஷூ நாடாவைப் பார்த்தார். "இது யாரு கட்டுனது?"

"நான்தாம்மா. செருப்பு நாடாதான்... வேற ஒண்ணும் கிடைக்கல." அடி விழுந்தாலும் வாங்கிக்கொள்வதென்று நின்றேன்.

"எம்புள்ள எம்புட்டு நேரம் வெறும் இடுப்பா கிடந்தான்?"

"ஒரு நொடிகூட இல்லம்மா. இதக் கட்டுன பொறவுதான் அத வெட்டுனோம்."

அந்த அம்மா என் கையைப் பிடித்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டு அழுதார். என் கையெல்லாம் நனைந்தது. எனக்கும் அடக்க முடியவில்லை.

கட்டிலில் தளவாய் முழித்தார். பழக்கப்படி கண் என் ஷூவுக்குப் போனது. நாடா இல்லாமல் இரண்டும் வாய் பிளந்து கிடந்தன. கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு, என்னைத் தெரிந்த இத்தனை வருடத்தில் முதல் தடவையாக, நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார்.

"அப்ப, மெஷினு கடிச்சது நெசந்தான மேடம்?"