வெல்டிங் நிறுத்திய ஒரு மணி நேரம்

நாலாங்கிளாஸ்தான் படித்தேன். கும்மிடிப்பூண்டியில் வெல்டிங் பட்டறை, மேலே மாடி வீடு, எல்லாம் நானே எழுப்பியது. மாடியில் குடியிருந்தவர் மெஷினில் ரெண்டு விரலைப் பறிகொடுத்த கிடார்க்காரர். கம்ப்யூட்டரில் கிடார் சாப்ட்வேர் போட்டு, பட்டனைத் தட்டியே வாசிப்பார். கண் மட்டும் டியூப்லைட் மேலேயே இருக்கும், மங்குகிறதா என்று. நான் வெல்டிங் வைத்தால் கரண்ட் இறங்கி கம்ப்யூட்டர் அணைந்துவிடும்.

ஒருநாள் இறங்கி வந்தார். "நைனா, பாட்டை ஒண்ணா சேக்கும்போது ரெண்டு தபா பூட்ச்சு. இதுவும் போனா கிடாரையே வுட்டுடுவேன். ஒரு மணி நேரம் குடு."

"எளாவூர் லாரிக்காரன் காத்துக்கினு கீறான். என்னையே வெல்டிங் வெச்சிருவான்யா!"

ஆனாலும் மெஷினை நிறுத்தினேன். பக்கத்துப் பட்டறைக்காரன் தன் மெஷினைப் போட்டுவிடுவானோ என்று பயந்து, அவன் சுவிட்சுக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன். எதற்கும் பயப்படாதவன் நான். அன்றைக்கு அந்தச் சுவிட்சை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

பாட்டு முழுசாக வந்தது. சிடி அட்டையில் டீ வாங்கிக் கொடுத்தவன் பேர்கூட இருக்கிறது. என் பேர் மட்டும் இல்லை. வீட்டைக் காலி பண்ணிப் போன கிடார்க்காரர் எங்கே இருந்தாலும் சரி, என் பேரையும் போடணும்.