முப்பத்தொரு அங்குல மார்பு

தியாகுவின் மார்பு முப்பத்தொரு அங்குலம். நான் அளந்து சொல்வதல்ல இது. ஐம்பத்தாறாம் ஆண்டு மலாக்காவில் தொண்டர் படைக்கு ஆள் எடுத்தபோது, சார்ஜன்ட் ஒருவர் நாடாவைச் சுற்றிப் பார்த்துவிட்டு வரிசை முழுக்கக் கேட்கும்படி சொன்னது. மூச்சை இழுத்துப் பிடித்தும் முப்பத்திரண்டைத் தொடவில்லை. வேண்டியது முப்பத்து மூன்று. வரிசையில் பலர் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அடுத்தது என் முறை; என்னைத் தட்டைப் பாதம் என்று தள்ளிவிட்டார்கள்.

தியாகுவுக்கு அப்போது முப்பது வயது. ரப்பர் ஏற்றுமதிக் கம்பெனியில் கணக்கெழுதும் கிராணி. சீனியர் கேம்பிரிட்ஜ் வரை படித்தவன்; தேறினானா என்று யாரும் கேட்டதில்லை. மலாக்காவிலேயே கஜா பெராங் பகுதியில் மாமனார் வீட்டோடு இருந்தான். மாமனார் சுப்பையன் டாக்சி ஓட்டுபவர். தோட்டத்தில் லாரி ஓட்டி, பிறகு சொந்தமாக ஒரு பழைய டாக்சி வாங்கி, தெங்கேராவுக்கும் செமாபோக்குக்கும் ஆள் ஏற்றி, தாயில்லாத ஒரே மகள் சந்திரமதியை வளர்த்தவர். டாக்சிக்கென்று பலகையும் தகரமும் வைத்துத் தன் கையாலேயே ஒரு கொட்டகை கட்டியிருந்தார். இங்கிலீஷ் பேசுகிற எவரைக் கண்டாலும் அவருக்கு ஒரு நடுக்கம் உண்டு. அந்த நடுக்கத்தில்தான் மகளையே கொடுத்தார்.

நான் அடுத்த வீடு. நடராஜன் என்று பெயர். வேலி வழியாக எல்லாம் கேட்கும்.

"மாமா, காடிய வெளிய போடுங்க. கொட்டக எனக்கு வேணும்."

"எதுக்கு மாப்பிள்ள?"

"தேகப் பயிற்சிக்கு. நாடே மெர்டேக்கா வாங்கப் போவுது. நம்மாளுங்க ஒடம்பு இப்படியா இருக்கறது?"

சுப்பையன் கொஞ்சம் தயங்கினார். "காடி மழையில நனையுமே."

"இரும்புதானே மாமா? உப்பா, கரைஞ்சு போறதுக்கு?"

மறுநாளே டாக்சி ரம்புத்தான் மரத்தடிக்குப் போயிற்று. குடும்பத்துக்குச் சோறு போடும் வண்டியின் மேல் எறும்பும் பறவை எச்சமும் விழ, அதன் கொட்டகையில் ஒரு கிராணியின் மார்பு வளரத் தொடங்கியது.

சாமான்களை அவனேதான் செய்தான். பிஸ்கட் டின்களில் சிமெண்டைக் குழைத்து ஊற்றி, நடுவில் தண்ணீர்க் குழாயைச் செருகிக் காயவைத்தான். ஒரு டின் மற்றதைவிடப் பெரிது. தூக்கினால் குழாய் வலது பக்கம் சாயும், அதோடு தியாகுவும் சாய்வான். அப்படித் தூக்குவதுதான் புது முறை என்று எங்களிடம் சொன்னான். சந்திரமதியின் அலமாரிக் கண்ணாடியைக் கழற்றிக் கொண்டுவந்து பலகைச் சுவரில் மாட்டினான். தூக்கிய நேரத்தைவிட அதன் முன்னால் நின்ற நேரம் அதிகம். கையை மடக்குவான், திரும்புவான், வயிற்றை உள்ளே இழுப்பான், தலைமுடியைச் சரிசெய்வான்.

பிறகு அவனுக்கு மன்றம் வேண்டியிருந்தது. நம்மவர்கள் ஏழு பேர் ஓரிடத்தில் நின்றால் மன்றம் பிறந்துவிடும். பெயரில் தேகப் பயிற்சி என்று போடுவதா உடற்பயிற்சி என்று போடுவதா என்பதற்கு மட்டும் மூன்று மாலைகள் கூட்டம் நடந்தது. அந்த மூன்று மாலையும் யாரும் எதையும் தூக்கவில்லை. ஏழு பேருக்கும் பதவி. தியாகு தலைவன். நான் துணைத் தலைவன். கூட்டத்தில் வாயைத் திறக்காமல் இருந்ததற்குக் கிடைத்த பரிசு. உறுப்பினர் என்று சொல்ல ஓர் ஆள்கூட மிஞ்சவில்லை. படம் எடுத்துக்கொண்டோம். கையைக் கட்டிக்கொண்டு, முஷ்டியை உள்ளே வைத்துப் புஜத்தைப் பிதுக்கிக் காட்டினால் சதை இருப்பதுபோலத் தெரியும். ஏழு பேரும் அப்படித்தான் பிதுக்கினோம்.

மறு ஆண்டு தொடக்கத்தில் சந்திரமதி உண்டாகியிருந்தாள். வீட்டில் ஐந்தாறு கோழிகள் இருந்தன. தினமும் முட்டை சாப்பிடச் சொல்லியிருந்தாள் மருத்துவச்சி. கோழி கொக்கரித்தவுடன் போய் எடுத்து, உடைத்துப் பச்சையாகக் குடித்துவிடுவான் தலைவன்.

"ஒண்ணாவது எனக்கு வைங்களேன்" என்று அவள் கேட்டது ஒரு நாள் என் காதில் விழுந்தது.

"ஒனக்கு வயிறு தானா வளருது. என் மார்பு வளர வேண்டாமா?"

அவள் காலி முட்டைக் கூடையைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனாள். நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். ஏதாவது சொல்லியிருக்கலாம். துணைத் தலைவன் எப்படித் தலைவனை எதிர்த்துப் பேசுவான்?

கொட்டகையில் தூக்கத் தொடங்கி ஓர் ஆண்டு ஆனபோது அளந்தோம். முப்பத்தொன்றரை. பனியனோடு அளந்தது.

ஐம்பத்தேழு ஆகஸ்டில், மெர்டேக்கா என்னும் சுதந்திர நாளன்று திடலில் பல நிகழ்ச்சிகள் நடக்கவிருந்தன. மன்றத்தின் சார்பில் ஒன்று என்று தியாகு பெயர் கொடுத்துவிட்டான்: மார்பில் கயிறு கட்டி டாக்சியை இழுப்பது. சுப்பையன் ஸ்டியரிங் பிடித்தால் போதும். முந்தைய நாளே பம்பரில் மணிலாக் கயிறு கட்டியாயிற்று. அன்று இரவு முழுக்கப் பேய் மழை.

காலை ஏழு மணிக்கு, உடம்பெல்லாம் தேங்காயெண்ணெய் பூசிக்கொண்டு ஏழு பேரும் முற்றத்தில் நின்றோம். சந்திரமதிக்கு வலி கண்டுவிட்டது. சுப்பையன் அவளைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து பின் இருக்கையில் படுக்கவைத்தார். வண்டியைக் கிளப்பினார். இருமியது, நின்றது. மறுபடி கிளப்பினார். இருமக்கூட இல்லை. மூடியைத் திறந்து பார்த்தார்.

"எஞ்சினுக்குள்ள தண்ணி போயிருச்சு" என்றார், யார் முகத்தையும் பார்க்காமல். "தள்ளணும்."

செயலாளர் தன் புதுக் கால்சட்டையைப் பார்த்துக்கொண்டார். ஆனாலும் தள்ளினோம், அதைச் சொல்லத்தான் வேண்டும். கையெல்லாம் எண்ணெய். தள்ளத் தள்ளக் கை வழுக்கியது. வண்டி சேற்றில் ஒரு முழம் நகர்ந்து நின்றுவிட்டது. உள்ளே அவள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"வெலகுங்க எல்லாம்!" என்றான் தியாகு. "நான் இழுக்கறேன்!"

முன்னால் போய்க் கயிற்றை மார்பில் போட்டுக்கொண்டான். காலை ஊன்றி ஒரு வெட்டு வெட்டினான். டாக்சி அசையவில்லை. அவன் இடுப்பில் 'மளுக்' என்று ஏதோ பிடித்தது. அப்படியே சேற்றில் உட்கார்ந்து, "ஐயோ, ஐயோ" என்று அலறினான். பிரசவ வலிக்காரியின் சத்தத்தைவிட அது பெரிதாக இருந்தது. கயிற்றைக் கழற்றிவிட்டு அவனை ஓரமாக இழுத்துப் போட்டோம்.

எதிர் வீட்டிலிருந்து பொன்னம்மா ஓடிவந்தாள். மலாக்காச் செட்டிக் குடும்பம். பெயர்தான் தமிழ், பேச்சு மலாய். திடலுக்குப் போவதற்காகப் பட்டுக் கெபாயாச் சட்டை உடுத்தியிருந்தவள், சாரோங்கைத் தூக்கிச் செருகிக்கொண்டாள். இரண்டு மகள்களும் பின்னால் வந்தார்கள். எங்களை ஒதுக்கிவிட்டு வண்டியில் தோளை வைத்தார்கள்.

"டோலாக்! டோலாக்!" என்று கத்தினாள் பொன்னம்மா. தள்ளு, தள்ளு என்று அர்த்தம். உள்ளே இருந்தவளுக்கும் சேர்த்துச் சொன்னாளோ என்னவோ.

சேற்றைத் தாண்டித் தார்ச் சடக்கில் ஏறி, வளைவில் இறங்கும்போது எஞ்சின் பிடித்துக்கொண்டது. பொன்னம்மாவின் கெபாயா முழுக்கச் சேறு.

"மாமா, என்னையும் ஏத்திக்குங்க! என்னால எந்திரிக்க முடியல!" என்று முற்றத்திலிருந்து தியாகு கத்தினான்.

சுப்பையன் எஞ்சினை அணைக்காமல் நிறுத்தினார். நானும் பொன்னம்மாவும்தான் அவனைத் தூக்கிப் போனோம். உட்கார முடியாதாம், படுக்க வேண்டுமாம். பின் இருக்கையில் படுத்திருந்த சந்திரமதி இறங்கினாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு முன் இருக்கையில் போய் உட்கார்ந்தாள். அவன் பின்னால் நீட்டிப் படுத்தான். நான் அவன் காலை மடியில் வைத்துக்கொண்டு போனேன்.

ஆஸ்பத்திரியில் தள்ளுகட்டிலோடு வந்த ஆள் நோயாளி யார் என்று கேட்டார். தியாகு கையைத் தூக்கினான். நர்ஸம்மா இருவரையும் பார்த்தார்.

"அந்தாளு பெஞ்சில படுக்கட்டும். அம்மாவ ஏத்துங்க."

பகல் பதினொரு மணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. தகப்பன் கீழே பெஞ்சில் குப்புறப் படுத்து, தைலம் கேட்டுக்கொண்டிருந்தான்.

மூன்றாம் நாள் சுப்பையனோடு நானும் பார்க்கப் போனேன். சந்திரமதி குழந்தையை அவரிடம் கொடுத்துவிட்டுச் சொன்னாள்: "அப்பா, கொட்டகையில காடி நிக்கணும். அதுவரைக்கும் நான் வீட்டுக்கு வரமாட்டேன். செமாபோக்குல பெரியம்மா வீட்டுக்குப் போறேன்."

"மாப்பிள்ள மனசு கஷ்டப்படுமேம்மா."

"அவரு மனசு எத்தன அங்குலம்னு எனக்குத் தெரியும்பா."

வீட்டில் பாயில் கிடந்த தியாகு, குனிய முடியாது, மன்றத்தைக் கூட்டிப் பேசுவோம் என்றான். சுப்பையன் காத்திருக்கவில்லை. கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு டின்களை ஒவ்வொன்றாக உருட்டி வெளியே கொண்டுவந்தார். பொருளாளரும் செயலாளரும் அன்று ஊரில் இல்லை. நான் கூடவே உருட்டினேன். அந்த மன்றத்தில் இருந்த காலத்தில் நான் உண்மையாக வேர்த்தது அன்றைக்குத்தான். கண்ணாடியைத் துடைத்து அலமாரியில் பொருத்தினார். டாக்சி உள்ளே போயிற்று. அதன் அடித் தகட்டைத் துரு தின்றிருந்தது. மழைக் காலத்தில் பின்னால் உட்காருகிறவர்கள் காலைத் தூக்கிக்கொள்ள வேண்டியிருந்தது.

நாற்பதாம் நாள் சந்திரமதி குழந்தையோடு வந்து சேர்ந்தாள். வந்த மறுவாரமே அப்பாவிடம், "எனக்குக் காடி ஓட்டச் சொல்லிக் கொடுங்க" என்றாள். அந்தக் காலத்தில் நம் பெண்களில் யாரும் கேட்காதது அது. சுப்பையன் மறுக்கவில்லை. மாப்பிள்ளையைக் கேட்டுச் சொல்கிறேன் என்றும் சொல்லவில்லை. காலையில் சவாரிக்குப் போகுமுன் செங் என்ற ஊர்ப் பக்கமாக, ஆள் நடமாட்டமில்லாத சடக்கில் பழக்கினார். குழந்தை பொன்னம்மா வீட்டில் இருக்கும். அறுபதாம் ஆண்டு சந்திரமதிக்கு லைசென்ஸ் கிடைத்தது. அப்பாவுக்குக் கண் மங்கியபோது பள்ளிப் பிள்ளைகளை ஏற்றும் சவாரியை அவளே எடுத்துக்கொண்டாள். கஜா பெராங்கில் சிலர் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். அவர்கள் பிள்ளைகளும் அந்த வண்டியில்தான் போனார்கள்.

பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில் தியாகுவைக் கம்பெனி வாசலில் இறக்கிவிடுவாள். அவன் பின் இருக்கையில் பேப்பரை விரித்துப் பிடித்தபடி போவான். அவளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தது தான்தான் என்று ஆபீசில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தான். அவனுக்குக் கார் ஓட்டத் தெரியாது.