ஆரஞ்சுக் கோடு

கில்வார்னாவில் பாதாளச் சாக்கடை வரப்போகிறது என்று முதலில் சொன்னபோது மாலக்கி டூஹிக்குத் தலை நிறைய முடி இருந்தது. இப்போது தொப்பி இருக்கிறது. எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு கழிவுத் தொட்டிதான். மண்ணோ சொட்டுத் தண்ணீர் குடிக்காது. பொதுச் சாக்கடைக் குழாய் வரும்வரை புது வீடு கட்ட அனுமதி இல்லை என்று கவுன்சில் கையை விரித்துவிட்டது. அதனால் மாலக்கியின் மகள் சோர்க்கா, புருஷனோடும் கைக்குழந்தையோடும் அப்பா வீட்டுக் கொல்லையில் ஒரு கேரவனில் குடியிருந்தாள். வீடு கட்டப் பக்கத்து வயலை அவள் பெயருக்கு எழுதியாயிற்று. அதில் மாடு மேய்ந்தது.

மாலக்கி பள்ளிக்கூட பஸ் ஓட்டினார். மிச்ச நேரமெல்லாம் ஆண்டுதோறும் நடக்கும் 'சுத்தமான ஊர்' போட்டிக்கு. கோடையில் நடுவர் சொல்லாமல் கொள்ளாமல் வருவார் என்பதால், பூந்தொட்டியை உற்றுப் பார்க்கிற எந்த வெளியூர்க்காரருக்கும் இங்கே டீ உண்டு. ஒருமுறை இன்ஷூரன்ஸ் விற்க வந்தவர் ராஜமரியாதையோடு திரும்பினார்.

ஒரு வசந்தத்தில் நிஜமாகவே கவுன்சில் ஆட்கள் வந்தார்கள். பூமிக்கு அடியில் பார்க்கும் மெஷினைத் தள்ளிக்கொண்டு நடந்து, குடிநீர்க் குழாய் எங்கே, மின்கம்பி எங்கே என்று தெருவெல்லாம் ஆரஞ்சுக் கோடு அடித்துவிட்டுப் போனார்கள். ஊருக்கு ஒரே சந்தோஷம். மாலக்கிக்கு மட்டும் நடுவர் ஞாபகம் வந்தது. பெயின்டைக் கரைக்கும் தின்னரும் கம்பி பிரஷும் வாங்கக் கடைக்குப் போனார்.

கடைக்கார நோரீன் கேட்டாள்: "அழிக்கலாமான்னு ஒரு போன் போட்டுக் கேட்டியா, மாலக்கி?"

"எதுக்கு? அளந்தாச்சு, எழுதிக்கிட்டாச்சு. சட்டை தச்சப்புறம் சாக்பீஸ் கோட்டோடவா போட்டுக்கிட்டு அலைவாங்க?"

"இன்னும் துணியே வெட்டலையேப்பா!"

அவர் கேட்டால்தானே. முட்டி தேயத் தேய்த்து முடித்தார்.

கொஞ்ச நாளில் லாரியில் தோண்டும் இயந்திரம் வந்தது. கூடவே ஒரு இளம் இன்ஜினியர். தெருவை மேலும் கீழும் பார்த்தார்.

"இங்க கோடு போட்டிருந்தோமே, சார்?"

"லேசுல போகலை தம்பி," என்றார் மாலக்கி பெருமையாக. "ரெண்டு டப்பா தின்னர் ஆச்சு."

இன்ஜினியர் பூந்தொட்டிப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். கோடு இல்லாமல் மண்ணில் கை வைக்க முடியாதாம். அடியில் பார்க்கும் மெஷின் வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டதாம். நம் முறை மறுபடி வரும்போது வருமாம். அவருக்கும் டீ கொடுத்தோம். தோண்டும் இயந்திரம் வந்த லாரியிலேயே ஏறிப் போனது.

அந்த ஆண்டு எங்களுக்கு வெண்கலப் பதக்கம். சாலை அப்பழுக்கில்லாமல் இருப்பதாக நடுவர் பாராட்டியிருந்தார். பாலத்தருகே கழிவுத் தொட்டி நாற்றம் அடித்ததற்குத்தான் மதிப்பெண் குறைந்ததாம்.

சோர்க்கா ஒரு வார்த்தை திட்டவில்லை. "விடுங்கப்பா, வேணும்னா செஞ்சீங்க?" என்றாள். திட்டியிருந்தால் மனுஷனுக்கு ஆறியிருக்கும். இலையுதிர் காலத்தில் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்கு, பெர்த்துக்குப் போய்விட்டாள். விமான நிலையத்திலிருந்து திரும்பிய மாலக்கி கேரவனைக் கழுவித் துடைத்துப் பூட்டினார். அவரைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

சில வருஷம் கழித்து மெஷின் மறுபடி வந்து கோடு போட்டுவிட்டுப் போனது. தோண்டும் இயந்திரத்தைத்தான் இன்னும் காணோம். மழையில் கோடு மங்கும். மாலக்கி ஒவ்வொரு வசந்தத்திலும் சின்ன பிரஷும் ஆரஞ்சு பெயின்டுமாக மண்டியிட்டு, அதன் மேலேயே புதுசாகப் பூசுகிறார். நடுவர் அதற்கும் மதிப்பெண் குறைக்கிறார். மாலக்கி கண்டுகொள்வதில்லை.

போன வாரம் நோரீன் கடை வாசலிலிருந்து கேட்டாள்: "உன் பொண்ணுதான் பெர்த்துலயே வீடு கட்டிக் குடியேறிட்டாளே. இன்னும் யாருக்காகப்பா இதைப் பூசிக்கிட்டு இருக்கே?"

மாலக்கி தலை நிமிரவில்லை.

"அந்த வீட்டை வாடகைக்கு விட்டுட்டு வரலாம்ல," என்றார்.