தன் கத்தியைத் தானே திறக்க வேண்டும்

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் முப்பத்தொரு வருடம் ஏழு லிஃப்ட்டுகளை மேலும் கீழும் ஓட வைத்தவர். ஆனால் அவரைப் பற்றிக் கேட்டால் யாரும் லிஃப்ட்டைச் சொல்ல மாட்டார்கள். "அந்தக் கத்திக்காரரா?" என்பார்கள். நான் தையல்காரி. அளவு கொடுக்க வரும் பெண்களிடம் அவர் யாரையும் குத்தியதில்லை என்று சொல்லிச் சொல்லி என் வாய் வலித்ததுதான் மிச்சம். இப்போது சொல்வதில்லை. பயந்தால் பயந்துவிட்டுப் போகட்டும்.

அவர் சேர்ப்பது மடக்குக் கத்திகள். அலகு பிடிக்குள் மடங்கிக்கொள்ளும், சட்டைப் பையில் அடங்கும் கத்திகள். கொம்புப் பிடி, எலும்புப் பிடி, மரப் பிடி, பித்தளைப் பிடி என்று எங்கள் வீட்டு அலமாரியில் நாற்பத்திரண்டு இருந்தன. பழைய இரும்புக் கடைகளிலும் வீடு காலி செய்கிறவர்களிடமும் தேடிப் பிடித்தவை. கோட்டுத் துணி மிச்சத்தில் ஒவ்வொன்றுக்கும் உறை தைத்தது நான்தான். தைத்துக்கொண்டே திட்டியதும் நான்தான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் வயர் உரிக்க வாங்கிய ஒரு கத்தியில் ஆரம்பித்த பைத்தியம் அது. நடுவில் ஒரு நிர்வாக அதிகாரி வந்தார். ஊழியர் யாரும் கத்தி வைத்திருக்கக் கூடாது என்று நோட்டீஸ் ஒட்டினார். இவர் ஒரு முழம் கேபிளைக் கொண்டுபோய் அவர் மேஜைமேல் வைத்து, "சார், இத நீங்க பல்லால உரிச்சுக் காட்டுங்க. நாளையிலேர்ந்து நானும் பல்லாலேயே உரிக்கறேன்" என்றார். விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. அந்த உறையையும் கத்தியால்தான் பிரித்தார். நோட்டீஸ் பத்து நாளில் காணாமல் போனது. பதவி உயர்வு ஆறு வருடம் தள்ளிப் போனது. எனக்கு வயிறு எரிந்தது, சொன்னேன். "அந்த ஆறு வருஷமும் நிமிர்ந்து நடந்தேன்ல?" என்றார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ஆளிடம் வேறென்ன பேசுவது?

ஞாயிற்றுக்கிழமை காலையில் இவரோடு சேர்த்து ஆறு பேர் கூடுவார்கள். பூட்டு ரிப்பேர் செய்கிறவருடைய கடையின் பின்னறைதான் இடம். பூட்டுக்காரர், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு பல் டாக்டர், ஒரு பஸ் டிரைவர், இன்னும் இரண்டு பேர். வெளியே ஒருவரை ஒருவர் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். அந்த அறைக்குள் டிரைவர் பேச, டாக்டர் கை கட்டிக்கொண்டு கேட்பார். அங்கே கத்தியை மூடித்தான் கை மாற்ற வேண்டும். வாங்குகிறவர் "திறக்கலாமா?" என்று உத்தரவு கேட்க வேண்டும். திறக்கும்போது யாரும் பேசக் கூடாது, ஏனென்றால் சத்தத்தைக் கேட்க வேண்டும். உள்ளே இருக்கும் ஸ்பிரிங் நல்ல நிலையில் இருந்தால் அலகு முழுதாக நிமிரும்போது 'டக்' என்று ஒரே ஒரு சத்தம் வரும். அந்த ஒரு டக்குக்காக ஆறு வளர்ந்த மனிதர்கள் மூச்சை அடக்கி உட்கார்ந்திருப்பார்கள். வீட்டுச் சாவி கொடுக்கப் போன இடத்தில் ஒரு முறை அதைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். மூன்று வாரம் அங்கே எனக்கு டீ கிடைக்கவில்லை.

அந்த அறைச் சுவரில் ஓர் அட்டை தொங்குகிறது. எழுத்து என் வீட்டுக்காரருடையது. 'தன் கத்தியைத் தானே திறக்க வேண்டும். மூன்று முறை முயன்றும் முடியாதவர் திறக்கக் கூடியவரிடம் அதைக் கொடுத்துவிட வேண்டும்.' எவனோ ஒருவன் துருப்பிடித்த கத்திகளாக வாங்கிக் குவித்துக்கொண்டு, ஒன்றையும் திறக்காமலே பெருமை பேசினான் என்று வந்த கோபத்தில் எழுதியது. திறக்காத கத்தி வெறும் இரும்புத் துண்டு என்பது இவர் கட்சி.

நான்கு வருடத்துக்கு முன் பல் டாக்டரின் விரல் மூட்டுகள் வீங்கிக்கொண்டன. எலும்புப் பிடி போட்ட ஒரு கத்தியை அவரால் மூன்று முறையும் திறக்க முடியவில்லை. மற்றவர்கள் தரையைப் பார்த்தார்களாம். இவர் மட்டும் கையை நீட்டி, "டாக்டர், விதி" என்றிருக்கிறார். டாக்டரும் கொடுத்துவிட்டார். கேள்விப்பட்டு நான் சண்டைக்கே போனேன்.

"உங்களுக்கு நெஞ்சுல ஈரமே கிடையாதா? வயசானவரு!"

"பாத்தும் பாக்காத மாதிரி இருந்தா, அது அவருக்கு அவமானம்டீ. அவரும் என்ன மாதிரி ஆளுதான்."

எனக்கு அன்று அது புரியவில்லை. கல் மனசு என்றுதான் நினைத்தேன்.

போன வருடம் ஒரு காலையில், குளித்துவிட்டுச் சட்டை பட்டனைப் போட்டுக்கொண்டிருந்தவர் நாலாவது பட்டனில் நின்றுவிட்டார். இடது கை கீழே தொங்கியது. வாய் ஒரு பக்கம் இழுத்தது. பக்கவாதம். இத்தனை வருடம் அவர் ஓட்டிய லிஃப்ட்டிலேயே ஸ்ட்ரெச்சரில் ஏறினார். நாக்கு குழறியபடியே, "மூணாவது மாடியில கதவு லேசா உரசுது பாரு" என்று கூட வந்த ஊழியரை விரட்டினார். அழுதுகொண்டிருந்த எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பேச்சு இரண்டு மாதத்தில் திரும்பியது. நடையும் ஓரளவு வந்தது. இடது கை வரவில்லை. கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை மாதிரி மடியில் கிடந்தது.

மடக்குக் கத்திக்கு இரண்டு கை வேண்டும். ஒரு கை பிடியைப் பிடிக்கும். மறு கையின் கட்டைவிரல் நகம், அலகின் ஓரத்தில் இருக்கும் சின்னக் குழியில் நுழைந்து இழுக்கும். இது எங்கள் மகனுக்கும் தெரியும், அந்த அட்டையைப் பார்த்து வளர்ந்தவன்தானே. வேறு ஊரிலிருந்து வந்தவன் அலமாரியைப் பூட்டிச் சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டான்.

"அப்பா, நான் எல்லாத்தையும் எடுத்துட்டுப் போறேன். ஒத்தக் கையோட எக்குத்தப்பா வெட்டிக்கிட்டீங்கன்னா? ரத்தம் நிக்காத மாத்திரை சாப்பிடறீங்க. அம்மாவும் கடையில இருப்பாங்க."

"வைடா சாவிய."

"நீங்க எழுதின விதிதானேப்பா? திறக்க முடியாதவன் கொடுத்துடணும். நான் ஒண்ணும் புதுசா சொல்லலையே."

எனக்கு அவனை அறையலாம் போல இருந்தது. ஆனால் பையன் பயத்தில் பேசினான், கெட்ட எண்ணத்தில் இல்லை. இவர் வலது கையால் இடது கையைத் தூக்கி மடியில் நேராக வைத்தார். பிறகு, "சரி. விதி விதிதான். ஆறு வாரம் கொடு. கூட்டத்துல எல்லார் முன்னாடியும் ஒவ்வொண்ணா திறக்கறேன். திறக்காதத நீ தொடலாம்" என்றார். மகன் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனான்.

அடுத்த நாளே தொடங்கிவிட்டார். நாற்காலியில் உட்கார்ந்து, பிடியை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் இடுக்கி, வலது கை நகத்தால் இழுப்பார். முதல் வாரம் கத்தி நழுவி நழுவித் தரையில் விழுந்தது. ஒரு முறை பல்லால் கடித்து இழுக்கப் பார்த்தார். "பல் டாக்டர் சிநேகிதர்னா பல்லு ஓசியில வருமா?" என்று பிடுங்கி வைத்தேன். இரண்டாவது வாரம் கால்சட்டையைக் கிழித்து, தொடையிலும் கீறிக்கொண்டார். மருந்து போட்டேன், திட்டினேன், அப்புறம் தோல் கைப்பை ஒன்றை வெட்டி அவருடைய இரண்டு கால்சட்டைகளில் முழங்காலின் உள்பக்கம் வைத்துத் தைத்தேன். அதற்கப்புறம் கத்தி நழுவவில்லை. மூன்றாவது வாரம் முதல் டக் கேட்டது. தையல் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தேன். எனக்கே வெட்கமாக இருந்தது.

மிகவும் இறுக்கமான கத்தி ஒன்று உண்டு. கறுப்புக் கொம்புப் பிடி போட்டது. இரண்டு கை இருந்தபோதே அதைத் திறக்கும்போது முகத்தைச் சுளிப்பார். ஐந்தாவது வாரம் பூட்டுக்காரர் பார்க்க வந்தார். "அண்ணே, இதுக்கு மட்டும் எண்ணெய் போட்டுத் தரேன்" என்று எடுத்துப்போய் இரண்டு நாளில் கொண்டுவந்து கொடுத்தார். இவர் முழங்காலில் இடுக்கி இழுத்தார். வெண்ணெயில் இறங்குவது போல அலகு வழுக்கிக்கொண்டு வந்தது. திறந்துவிட்டதே என்று நான் கை தட்டப் போனேன். இவர் முகம் கறுத்துப்போயிருந்தது.

சத்தம் வரவில்லை.

"ஸ்பிரிங்க அரத்தால ராவினியா?"

பூட்டுக்காரர் கத்தியின் உறையை எடுத்து மடிக்கத் தொடங்கினார்.

"கேக்கறேன்ல?"

"மனசு கேக்கலண்ணே. கொஞ்சம்தான்... யாருக்கும் தெரியாதுன்னு..."

"எனக்குத் தெரியாதாடா? அத ராவினதுக்கு என் இன்னொரு கையையும் ராவியிருக்கலாமே நீ!"

பூட்டுக்காரர் ஐம்பத்தெட்டு வயதில் விசும்பி அழுதார். உலகத்தில் வேறு எவனும் செய்திருந்தால் அது உதவி. கத்தி சேர்க்கிற ஒருவன் இன்னொருவனுக்கு அதைச் செய்தால் பெரிய பாவம், அது அவருக்கும் தெரியும். "பழையபடி இறுக்கமா புது ஸ்பிரிங் போட்டுக் கொண்டா. இல்லன்னா என் வாசல மிதிக்காத" என்று அனுப்பிவிட்டார் இவர். நான் சமாதானம் சொல்லப் பார்த்தேன். பலிக்கவில்லை. பூட்டுக்காரரும் ரோஷக்காரர். நான்கு நாள் கடையை அரைநாளோடு மூடி, ஸ்பிரிங் அடித்துப் பொருத்திக் கொண்டுவந்தார். பழையதைவிட இறுக்கமாக இருந்தது.

"இப்பதான் நீ மனுஷன்" என்றார் இவர். இரண்டு பேரும் கட்டிக்கொண்டார்கள், ஒருவர் ஒற்றைக் கையால். எனக்கு இரண்டு பேரையும் உதைக்க வேண்டும் போல இருந்தது.

ஆறு வாரம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை மகனும் வந்தான், நானும் போனேன். நாற்பத்திரண்டு கத்திகளையும் என் தையல் பையில் தூக்கிக்கொண்டு போனது நான்தான். பின்னறையில் ஸ்டூலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக இடுக்கினார். டக். மேஜை விளிம்பில் அலகின் முதுகை அழுத்தி மூடினார். அடுத்தது. டக். யாரும் வாய் திறக்கவில்லை. வியர்வை அவர் மூக்கு நுனியில் சொட்டியது. துடைக்கப் போன மகனை முறைத்தார். ஒன்றரை மணி நேரத்தில் நாற்பத்தொன்று திறந்து மூடியாயிற்று. மகன் தலை குனிந்தபடி எண்ணிக்கொண்டிருந்தான். அவன் கண் கலங்கியதை நான் பார்த்தேன்.

கடைசியாகக் கறுப்புக் கொம்பு. முதல் முறை நகம் வழுக்கியது. இரண்டாம் முறை நகம் பிளந்து ரத்தம் வந்தது. டிரைவர் எழுந்து, "அண்ணே, போதும்ணே. நாப்பத்தொண்ணு திறந்தாச்சு. இதுக்கு விதிய விட்டுடுவோம்" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். பல் டாக்டர் மட்டும் ஆட்டவில்லை. இவர் அவரைத்தான் பார்த்தார்.

"டாக்டர், நீங்க சொல்லுங்க."

"இன்னும் ஒரு முறை பாக்கி இருக்கு" என்றார் டாக்டர். அந்த வார்த்தையில் எத்தனை மரியாதை இருந்தது என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

மூன்றாவது முறையும் அலகு அசையவில்லை. இவர் ரத்தத்தைச் சட்டையில் துடைத்துவிட்டுக் கத்தியை மேஜைமேல் வைத்தார். "முடியல. யார் திறக்கறீங்களோ எடுத்துக்குங்க" என்றார். குரல் உடையவில்லை. ஒருவரும் கையை நீட்டவில்லை. மகன் நீட்டவே இல்லை. ஒரு தோற்றுப்போன கத்தி நடுவில் கிடக்க, ஐந்து ஆண்கள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"திறக்கலாமா?" என்றேன்.

இவர் நிமிர்ந்து பார்த்தார். "திற" என்றார்.

நாற்பது வருடம் கனத்த துணியில் ஊசி தள்ளிய கட்டைவிரல் என்னுடையது. ஒரே இழுப்பு. டக் என்ற சத்தம் அந்த அறையையே நிமிர்த்தியது. பூட்டுக்காரர் கை தட்டிச் சிரித்தார். "அண்ணி! கத்தி எங்கயும் போகல, வீட்டுக்குள்ளேயே இருக்கு!" எல்லோருக்கும் உயிர் வந்தது. இவரும் சிரித்துக்கொண்டே கையை நீட்டினார்.

நான் கத்தியை மூடி என் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

"என்னம்மா, குடுத்துடுங்க" என்றான் மகன்.

"எதுக்கு? இது என் கத்தி. வேணும்னா திறந்து காட்டிட்டு வாங்கிக்கட்டும்."

இவர் முகம் சிவந்தது. இப்போது கத்தப் போகிறார் என்று நினைத்தேன். கத்தவில்லை. என்னை ஏற இறங்கப் பார்த்தார், என்னைப் பெண் பார்க்க வந்த அன்றுகூட அப்படிப் பார்க்கவில்லை. பிறகு நீட்டிய கையை மடக்கிக்கொண்டார்.

"டாக்டர், இவளுக்கு ஒரு நாற்காலி போடுங்க" என்றார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் என் நாற்காலியில் உட்கார்ந்து கறுப்புக் கொம்பை எடுத்து வைக்கிறேன். மூன்று முறை இழுக்கிறார். திறக்கவில்லை. எடுத்துப் பைக்குள் போடுகிறேன். ஊர் என்னைக் கல்நெஞ்சக்காரி என்கிறது. மருமகள் போனில் அழுகிறாள். சும்மா கொடுத்தால் அவர் வாங்கிக்கொள்வார், வாங்கிய அன்றோடு படுத்துவிடுவார். எனக்குத் தெரியும், முப்பத்தைந்து வருடமாக அவரோடு வாழ்பவள் நான்.

போன வாரம் மூன்றாவது இழுப்பில் அலகு ஓர் அரிசி அளவு எழும்பியது. எழும்பிய வேகத்தில் உள்ளே போய்விட்டது.

"பாத்தியா?" என்றார், மூச்சு வாங்க.

"பாத்தேன். திறக்கல" என்று சொல்லிக் கத்தியை எடுத்துக்கொண்டேன்.