பொஞ்சாதி வளவு

ஒல்லாந்தர் காலத்துப் பழைய நிலப்படமொன்றில் பட்டிப்பளை ஆறு கடலுக்கு இறங்கும் வழியெல்லாம் ஊர்ப் பெயர்கள் கொச்சையாக எழுதப்பட்டிருந்தன. நிந்தவூருக்கு மேற்கே ஒரு வளைவில் மட்டும் பெயருக்குப் பதில் யானை நின்றது. 1954 ஆவணியில் அந்த யானையின் வயிறு இருந்த இடத்தில் முகைதீன்பாவா ஒரு குடிசை போட்டிருந்தார்.

அவர் வயல் காவல்காரர். சொந்த ஊரான சாய்ந்தமருதில் அவருக்கு வீடு கிடையாது. அந்தக் கிழக்குக் கரையில் வீடெல்லாம் பெண்களுக்குத்தான். பிறந்தது உம்மாவின் வீட்டில், வாழ்க்கைப்பட்டது மனைவி ஸாலிஹாவின் வீட்டில். அங்கே சாரனைக் கொடியில் போடவும் உத்தரவு வேண்டும். அவருடையது என்று சொல்ல அந்தக் குடிசை ஒன்றுதான்.

மேலே அணை கட்டிக் காட்டைக் குடியேற்றமாக்கிய காலம். புதுப் படம் வரைய வந்த நில அளவையாளர் அழகரெத்தினம் பழையதை விரித்துக் காட்டி, அண்ணன் முறை வைத்து அவரை அழைத்தார்.

"காக்கா, ஒங்கட இடத்தில யானை நிக்குது. அதக் கலைச்சிட்டு ஒரு பேரு போடுவம்."

குடிசைக்கு ‘முகைதீன்பாவா வாடி’ என்றே பேர்! கொழும்பில் அச்சாகிவரும்! அவர் சால்வையை உதறித் தோளில் போட்டு நிமிர்ந்தார்.

அழகரெத்தினம் பேனாவைத் திறந்தார். "சரி, இது ஆர்ட வளவு?"

மலேரியாவுக்கு மருந்தடிக்க வந்தவர், வாக்குப் பதிய வந்தவர், எல்லோரும் சாய்ந்தமருது வீட்டு முற்றத்தில் நின்று கேட்ட கேள்வி அது. வாய் தன் பாட்டில் பதில் சொன்னது.

"பொஞ்சாதிட வளவு."

பேனா ஓடியது.

"ஐயா, நில்லுங்க! அது வாய் தவறி வந்திட்டு. என்ட பேர எழுதுங்க!"

"மையால எழுதிட்டன் காக்கா. அழிச்சா மேல உள்ளவங்க என்ன அழிச்சிருவாங்க. யானையவிட இது மேல்தானே?"

அடுத்த வருடம் படம் வந்து கல்முனையில் அரசாங்கக் கந்தோர் ஒன்றின் சுவரில் தொங்கியது. ஸாலிஹாவின் தம்பி மசூர் அதைப் படித்துவிட்டு, சைக்கிளை மிதித்துக்கொண்டு போய் ராத்தாவிடம் சொன்னான். மறுநாள் பானை சட்டியும் இரண்டு ஆடுகளுமாக மாட்டுவண்டி ஆற்றங்கரையில் வந்து நின்றது.

"எழும்புங்க, கூட்டணும்" என்றாள் ஸாலிஹா.

"இது என்ட இடம் புள்ள!"

"கவுமேந்தே படத்தில எழுதிச் செல்லிட்டு. நீங்க ஆரு, இல்லயெண்டு செல்ல?"

வாசலில் ஆடு கட்டியாயிற்று. குடிசைக்குள் அவருடைய பீடிக்கட்டு குப்பையோடு குப்பையாகிக்கொண்டிருந்தது. முகைதீன்பாவா தோணியில் ஏறினார். நடு ஆற்றில் தடியை ஊன்றித் தோணியைக் கட்டினார். தண்ணீருக்கு இன்னும் யாரும் காணி உறுதி எழுதவில்லை. அங்கேயே மல்லாந்து படுத்துக்கொண்டார்.

லுஹர் தொழுகை நேரம் தாண்டியது. கரையிலிருந்து பொரித்த மீனின் வாசம் வந்தது. பின்னால் ஸாலிஹாவின் குரலும் வந்தது.

"இஞ்சேருங்க, சோறு ஆறுது!"

கொஞ்ச நேரம் கேளாதவர்போலக் கிடந்தார். பிறகு தடியைப் பிடுங்கினார்.