பெயர் போட்டு எழுதிய டிரைவர்

போன சனிக்கிழமை திருமானூரிலிருந்து அரியலூருக்கு மினி பஸ்ஸில் வந்தேன். டிரைவர் புது ஆள். ஒரு கை ஸ்டியரிங்கில், ஒரு கை போனில். யாரிடமோ டைல்ஸ் விலை விசாரித்துக்கொண்டிருந்தார். எதிரே ஒரு சிமென்ட் லாரி ஹாரனை அலறவிட்டபடி உரசுகிற மாதிரி கடந்து போனது. இவர் பேச்சு நிற்கவில்லை.

பஸ்ஸில் யாராவது வாயைத் திறந்தார்களா? ம்ஹூம்.

சில மாதங்களுக்கு முன்புவரை இதே பஸ்ஸைத் தனவேல்தான் ஓட்டினார். பல வருடமாக. ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டால் போனைத் தொட மாட்டார். வயதானவர்கள் ஏறி உட்காரும்வரை வண்டியை நகர்த்த மாட்டார். "இவரு ஓட்டுனா ஊரு போயி சேர பொழுது விடிஞ்சிரும்" என்று கண்டக்டரே கிண்டலடிப்பார். அவ்வளவு நிதானம்.

அவரைத்தான் பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டார்கள் – பாதுகாப்புக்காக.

ஏன்? அதைச் சொல்ல ரெஜினா டீச்சரிடமிருந்து தொடங்க வேண்டும்.

ரெஜினா வரதராஜன்பேட்டைக்காரர். பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தவர். முப்பது வயதை ஒட்டி, யாருமே பேசாதபோதும் காதில் குரல்கள் கேட்கத் தொடங்கின. வேலை போனது. கணவர் வீடு போனது. எங்கெங்கோ கூட்டிக்கொண்டு அலைந்துவிட்டு, கடைசியில்தான் டாக்டரிடம் காட்டினார்கள். மெல்லத் தேறினார்.

தேறியவர் சும்மா இருக்கவில்லை. அரியலூரில் ஓர் உரக்கடை மாடியில் அறை பிடித்தார். மனநோயிலிருந்து மீண்டவர்களும், மீள முடியுமா என்று தவிப்பவர்களும் சனிக்கிழமைதோறும் அங்கே கூடுகிறார்கள். வைத்தியத்தை டாக்டர் பார்த்துக்கொள்வார். ஆனால், மாத்திரை போட்டால் ஏன் இப்படித் தூக்கம் வருகிறது, சொந்த மச்சான் கல்யாணத்துக்கு ஏன் நம்மைக் கூப்பிடவில்லை... இதையெல்லாம் யாரிடம் பேசுவது? அதற்குத்தான் அந்த மாடி.

கூடவே நாலு பக்கத்தில் ஒரு மாத இதழும் நடத்துகிறார்கள். எழுதுவது முழுக்க அனுபவப்பட்டவர்கள்தான். ஒரு முறை, பஸ் ஸ்டாண்டில் மனநோயாளி ரகளை என்று ஒரு செய்தி ஊரெல்லாம் பரவியது. ரெஜினா நேரில் போய் விசாரித்தார். அந்த மனிதரின் பை திருடு போயிருக்கிறது. கத்தியிருக்கிறார். நம் பை திருடு போனால் நாம் மட்டும் கைகட்டி நிற்போமா? ரெஜினா விசாரித்ததை அப்படியே எழுதினார். எழுத்துப்பிழை பார்த்துத் தருவது என் வேலை. அப்படித்தான் அந்த மாடி எனக்குப் பழக்கம்.

தனவேலும் அந்த மாடிக்காரர்தான். ஒரு காலத்தில் கடுமையான மனச்சோர்வில் உயிரை விடத் துணிந்து, பிழைத்து வந்தவர். புதிதாக யார் வந்தாலும் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வார். எதையும் தோண்டிக் கேட்க மாட்டார். "டீ சாப்பிடுறீங்களா?" – அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் அவர்களாகவே பேச ஆரம்பித்துவிடுவார்கள். அது எப்படி என்று எனக்கு இன்றுவரை புரிந்ததில்லை.

அவரை எழுதச் சொன்னது ரெஜினா. எழுதினார். சாகத் துணிந்தது, மருத்துவமனை, மாத்திரை, டாக்டர் சரியென்று சொன்ன பிறகே மறுபடி பஸ்ஸைத் தொட்டது – எல்லாவற்றையும்.

"பேரு வேணாம்னா விட்டுடலாம் தனவேலு" என்றார் ரெஜினா.

"போடுங்க டீச்சர். சக்கரை வந்தவன் பேர மறைக்கிறானா? நான் மட்டும் எதுக்கு மறைக்கணும்?"

நாங்கள் எல்லோரும் கைதட்டினோம். இப்போது நினைத்தால் அந்தக் கைதட்டல்தான் உறுத்துகிறது.

கட்டுரையை யாரோ போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டார்கள். ஊர் சுற்றிவிட்டு அது பஸ் முதலாளியிடம் வந்து நின்றது. இனி வண்டி எடுக்க வேண்டாம் என்று தனவேலிடம் சொல்லிவிட்டார். ரெஜினாவும் நானும் அவரைப் பார்க்கப் போனோம். டாக்டர் சான்றிதழ் கொடுத்திருப்பதையும் சொன்னோம். முதலாளி கெட்ட மனிதர் இல்லை. நாற்காலி போட்டு உட்கார வைத்துத்தான் பேசினார்.

"தனவேலு மேல எனக்கு ஒரு சந்தேகமும் இல்லீங்க. எம் புள்ளைங்களே அவன் பஸ்ஸுலதான் ஸ்கூலுக்குப் போச்சுங்க. ஆனா நாளைக்கு ஒரு நாய் குறுக்க வந்து சடன் பிரேக் போட்டாக்கூட, பைத்தியத்த வச்சு பஸ் ஓட்டுறான்னு என்னையத்தானே சொல்லுவாங்க?"

"யாராச்சும் வந்து புகார் சொன்னாங்களா?" என்று கேட்டார் ரெஜினா.

"இதுவரைக்கும் இல்லீங்க."

"அப்புறம் என்னங்க?"

"சொல்லிட்டா என்ன பண்றது?"

யாரும் சொல்லாத புகாருக்கு என்ன பதில் சொல்வீர்கள்? எழுந்து வந்துவிட்டோம்.

உடம்பு சரியில்லை என்று சொல்லி வேலை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். சரியாகிவிட்டது என்று சொல்லி வேலை இழந்தவர், எனக்குத் தெரிந்து தனவேல் ஒருவர்தான்.

தினமும் அவர் பஸ்ஸில் போனவர்கள் என்ன செய்தார்கள்? "எங்கங்க தனவேலக் காணோம்?" என்று கொஞ்ச நாள் கேட்டார்கள். பிறகு அதுவும் நின்றுபோனது. ஷெட்டில் பஸ் கழுவும் வேலை தருகிறேன் என்றாராம் முதலாளி. தனவேலுக்கு மனம் ஒப்பவில்லை. திருப்பூரில் மச்சான் இருந்தார். அங்கே ஒரு பனியன் கம்பெனி குடோனில் மூட்டை ஏற்றி இறக்கும் வேலை கிடைத்தது. கிளம்பும்முன் மாடிக்கு வந்தார்.

"நான்தான் எழுதச் சொல்லி, ஒங்க பொழப்ப..." என்று தொடங்கினார் ரெஜினா.

"வுடுங்க டீச்சர். அத எழுதுன அன்னிக்குத்தான் நல்லாத் தூங்குனேன்."

சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார். அதற்குப் பிறகு புதிதாக வருபவர்கள் பக்கத்தில் நாங்கள் மாறி மாறி உட்கார்ந்து பார்க்கிறோம். டீ ஆறிப்போகிறது. பேச்சுதான் வரமாட்டேன் என்கிறது.

போன சனிக்கிழமைக்கு வருகிறேன். நான் பஸ்ஸைவிட்டு இறங்கி மாடியேறியபோது பெரம்பலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்திருந்தார். கூடவே அவருடைய தம்பி. முப்பது வயதிருக்கும். சின்ன வெங்காயம் ஏற்றிப் போகும் லோடு வேன் டிரைவர். சில மாதங்களாக வீட்டைவிட்டே வெளியே வரவில்லையாம். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். தம்பி தொட மறுக்கிறார். அதைச் சாப்பிட்டால் அப்புறம் வண்டியே ஓட்ட முடியாது என்று பயம்.

அந்தப் பெண் தன் போனை நீட்டினார். தனவேலின் கட்டுரை. வாட்ஸ்அப்பில் சுற்றிய அதே போட்டோ.

"இந்த பஸ் டிரைவர் அண்ணன் இருக்காங்களாக்கா? அவங்க வாயால ஒரு வார்த்த சொன்னா மாத்திர போட்டுக்குறேங்குறான்."

ரெஜினா என்னைப் பார்த்தார். பிறகு திருப்பூருக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொல்லி, ஸ்பீக்கரில் வைத்தார்.

தனவேல் அவசரமே படாமல் பேசினார். "ஆரம்பத்துல ஒடம்பு அசத்தும் தம்பி. அப்ப ஸ்டியரிங்கத் தொடவே தொடாதீங்க. டாக்டருகிட்ட சொன்னா மாத்திரைய கூட்டிக் கொறச்சுப் பாப்பாரு. அவரு ஓட்டலாம்னு சொன்னப்புறம் எடுங்க. நான் அப்புடித்தான் ஓட்டுனேன்."

அதுவரை தரையையே பார்த்துக்கொண்டிருந்த தம்பி நிமிர்ந்தார்.

"இப்பவும் ஓட்டுறீங்களாண்ணே?"

அந்தப் பக்கம் யாரோ மூட்டையைத் தொப்பென்று போடுவது மட்டும் கேட்டது.

"ம்... ஓட்டுறேன் தம்பி. நீங்க மாத்திரயப் போடுங்க."

தம்பி அக்காவிடமிருந்து மாத்திரை அட்டையை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அந்தப் பெண் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எதையும் மறைக்கக் கூடாது என்று இத்தனை வருடமாகச் சொல்லிவரும் ரெஜினா, போனை அணைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார்.

தனவேல் சொன்னது பொய் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். யாராவது ஒரு முதலாளி மனது வைத்தால் அது உண்மையாகிவிடும் என்பதும் தெரியும்.